தொட்டியில் எழுந்த அலையும் கடலில் எழுந்த அலையும்

கடலலையைக் கொண்டு வேலை வாங்கலாம் என்ற எண்ணம் காப்புரிமை ஆவணமாக முதன்முதலில் பதிவானது 1799ஆம் ஆண்டு ஜூலையில், புரட்சிக் காலப் பாரிசில். ஜிரார் என்ற பெயருடைய தந்தையும் மகனும் அளித்த அந்த விண்ணப்பம், பெரும் போர்க்கப்பல் ஒன்றை அலை எவ்வளவு எளிதாகத் தூக்கி இறக்குகிறது என்பதைச் சுட்டி, கப்பலோடு நீண்ட உத்திரத்தைப் பிணைத்து அதைக் கரையில் நெம்புகோலாக நிறுத்தினால், மறுமுனையால் நீரேற்றும் பம்புகளையும் மரம் அறுக்கும் வாள்களையும் ஆலைகளையும் ஓட்டலாம் என்றது. அதன்பின் இத்துறையில் எண்ணங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1855 முதல் 1973 வரை பிரிட்டனில் மட்டும் 340 காப்புரிமைகள் பதிவாயின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வரைபடத்தாளைத் தாண்டவில்லை. அறிவியல் பின்தங்கியிருந்தது இதற்குக் காரணமன்று. அலையின் இயக்கத்தை விளக்கும் கணிதம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்கு முன்பே பெருமளவு உருவாகிவிட்டது. கணக்கில் அடங்கிய அலைக்கும் கடலில் எழும் அலைக்கும் இடையிலிருந்த தொலைவும், அந்தத் தொலைவைக் கடக்குமுன்பே இயந்திரத்திடம் மிகப் பெரியதை எதிர்பார்த்த அவசரமுமே இந்த வரலாற்றை நடத்திச் சென்றன.

அலை நகரும்போது நீர் அதனுடன் நகர்ந்துவிடுவதில்லை. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் வேபர், வில்ஹெல்ம் வேபர் என்ற சகோதரர்கள் கண்ணாடிப் பக்கங்கள் கொண்ட ஒடுங்கிய தொட்டி ஒன்றை அமைத்து, நீரில் மிதந்த நுண்துகள்களின் போக்கை உற்றுநோக்கி, 1825இல் வெளியிட்ட அலையியல் நூலில் அதை விவரித்தனர். முகடு கடந்துசெல்லும்போது துகள் முன்னோக்கியும், இரு முகடுகளுக்கு இடையிலுள்ள பள்ளமான அகடு கடக்கும்போது பின்னோக்கியும் சென்று, வளைந்த பாதை ஒன்றைச் சுற்றி முடித்து, ஏறத்தாழப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. பிராக் நகரின் கெர்ஸ்ட்னர் இதற்கு முன்பே, 1802இல், வட்டப் பாதையை அடிப்படையாகக் கொண்ட கணிதக் கொள்கை ஒன்றை வகுத்திருந்தார். பிரிட்டனின் அரசு வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1840களில், சிறிய உயரமுள்ள அலைகளுக்கு இன்றும் பொறியாளர்கள் கையாளும் எளிய வடிவத்தை அளித்தார். வட்டம் முற்றிலும் மூடுவதில்லை என்றும், ஒவ்வொரு சுற்றிலும் நீர் சிறிதளவு முன்னே தள்ளப்படுகிறது என்றும் 1847இல் கணிதவியலாளர் ஸ்டோக்ஸ் காட்டியது இக்கணிதம் எவ்வளவு நுட்பமாக வளர்ந்தது என்பதற்குச் சான்று.

இந்த வட்டங்கள் ஆழம் செல்லச்செல்ல விரைவாகச் சுருங்குகின்றன. அடுத்தடுத்த இரு முகடுகளுக்கு இடையிலான தூரம் அலைநீளம் எனப்படும். அதில் பாதி ஆழத்துக்குச் சென்றால் வட்டத்தின் விட்டம் மேற்பரப்பில் இருந்ததில் சுமார் 4 விழுக்காடாகக் குறைந்துவிடும். கடலின் ஆழம் எவ்வளவாயினும் அலையின் ஆற்றல் அதன் மேற்பகுதியிலேயே குடிகொண்டிருக்கிறது என்பதும், கரையை நெருங்கித் தரை தட்டும் இடத்தில் வட்டங்கள் நீள்வட்டங்களாகத் தட்டையாகி, உராய்வாலும் உடைவாலும் ஆற்றல் வீணாகிறது என்பதும் இதிலிருந்து பெறப்படும். இயந்திரத்தைக் கரையோரம் வைத்தால் பராமரிப்பது எளிது, கிடைக்கும் ஆற்றல் குறைவு. ஆழ்கடலில் வைத்தால் இரண்டும் தலைகீழாகும். இந்த இழுபறி இத்துறையின் ஒவ்வொரு திட்டத்திலும் தலைகாட்டும்.

ஆழ்கடலில் அலையின் வேகத்தை நிர்ணயிப்பது அதன் அலைவு நேரம், அதாவது ஒரு முகடு கடந்தபின் அடுத்த முகடு வந்துசேர ஆகும் நேரம். அலைவு நேரம் 10 நொடி என்றால் அலைநீளம் சுமார் 156 மீட்டர், முகட்டின் வேகம் மணிக்கு 56 கிலோமீட்டர். அலைவு நேரம் கூடினால் வேகமும் அதே விகிதத்தில் கூடும். ஆனால் ஆற்றல் முகட்டின் வேகத்தில் செல்வதில்லை. அமைதியான நீரில் புகும் அலைக்கூட்டம் ஒன்றைக் கவனித்தால், கூட்டத்தின் பின்புறத்தில் புதிய முகடு தோன்றுவதும், அது கூட்டத்தினூடே முன்னேறி முன்விளிம்பில் மறைவதும் தெரியும். கூட்டம் முழுமையாக நகரும் வேகம், அதாவது தொகுதித் திசைவேகம், முகட்டின் வேகத்தில் பாதியே. 1876இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வில் ஸ்டோக்ஸ் இதை ஒரு வினாவாகவே வைத்தார். ஆற்றல் பயணம் செய்யும் வேகமே அந்தத் தொகுதித் திசைவேகம் என்று மறு ஆண்டில் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் விளக்கினார்.

இக்கணிதம் திறந்த கடலில் சோதிக்கப்பட்டது இரண்டாம் உலகப் போரின் தேவையால். படைகளைக் கடற்கரையில் இறக்கும் நாளை முடிவுசெய்ய அலை முன்னறிவிப்பு வேண்டியிருந்ததால், அமெரிக்காவில் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் ஆகியோரும், பிரிட்டனின் டெடிங்டனில் ஜார்ஜ் டீக்கன் தலைமையில் 1944இல் அமைந்த குழுவினரும் இதில் இறங்கினர். கார்ன்வால் கடற்கரையின் பெண்டீன் அருகே பதிவான அலைகளை அலைவு நேரம் வாரியாகப் பிரித்துப் பார்த்த அக்குழுவின் பார்பரும் உர்செல்லும், நீண்ட அலைவு நேரமுடையவை முதலிலும் குறுகியவை பின்னரும் வருவதைக் கண்டு, அந்த இடைவெளியிலிருந்து அவை புறப்பட்ட தொலைவைக் கணக்கிட்டனர். 20 நொடி அலைகளின் கூட்டம் ஒரு நாளில் சுமார் 1,350 கிலோமீட்டர் கடக்கும். 10 நொடி அலைகளின் கூட்டம் அதில் பாதி தூரமே செல்லும். 1948இல் வெளியான அவர்களது ஆய்வு, கார்ன்வாலில் மோதிய சில அலைகளின் பிறப்பிடத்தைத் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையருகே வீசிய புயல்கள்வரை தேடிச்சென்றது. கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் உள்ளூர்க் காற்று ஏதுமின்றித் திடீரென எழும் பெரிய அலைகளை மீனவர்கள் கள்ளக்கடல் என்று அழைக்கின்றனர். அவையும் இவ்வாறே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்களிலிருந்து சில நாள் பயணம் செய்து வருபவை.

காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பில் கடலுக்கு அளித்த ஆற்றல் இவ்வாறு அதிக இழப்பின்றிக் கரைக்கு வருவதுதான் பொறியாளரை ஈர்த்தது. 2 மீட்டர் உயரமும் 10 நொடி அலைவு நேரமும் கொண்ட சீரான அலையில், ஒரு சதுர மீட்டர் கடற்பரப்புக்குச் சுமார் 5,000 ஜூல் ஆற்றல் இருக்கிறது. அது நொடிக்கு 7.8 மீட்டர் வேகத்தில் நகர்வதால், ஒரு மீட்டர் அகலமுள்ள முகப்பின் வழியே 39 கிலோவாட் பாய்கிறது. ஆனால் ஆற்றல் உயரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், அதே அலைவு நேரத்தில் உயரம் 8 மீட்டரானால் அந்த 39 கிலோவாட் 16 மடங்காகி 600 கிலோவாட்டைத் தாண்டிவிடும். இயந்திரம் வருமானம் ஈட்டுவது 2 மீட்டர் அலையில். அதைக் கட்டுவதற்கான செலவைத் தீர்மானிப்பதோ ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் பேரலை. மற்றொரு தொல்லையும் உண்டு. வழக்கமான மின்னாக்கி நிமிடத்துக்கு 1,000 அல்லது 1,500 முறை சுழல வேண்டும். கடலோ நிமிடத்துக்கு ஆறு முறை, மிகுந்த விசையோடு, ஒவ்வொரு முறையும் திசை மாற்றித் தள்ளுகிறது.

இத்தொல்லைகளுக்கு நடுவே முதலில் தேறியவை சிறிய முயற்சிகளே. 1910 அளவில் பிரான்சின் போர்தோ அருகிலுள்ள ருவாயோனில் போஷோ-பிரசீக் என்பவர், கரைப் பாறையில் துளைத்த கிணறு போன்ற குழியில் அலை ஏறி இறங்கும்போது காற்று அழுந்துவதைப் பயன்படுத்தித் தம் வீட்டுக்கு விளக்கேற்றினார். ஜப்பானியக் கடற்படையில் பணியாற்றிய யோஷியோ மசுதா 1940களிலேயே இதே நெறியில் ஆய்வைத் தொடங்கினார். உள்ளே காற்றறையும் சிறு டர்பைனும் கொண்ட, கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு மிதவைகள் 1965 முதல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. சில பத்து வாட் மட்டுமே தேவைப்பட்ட அந்த மிதவைகளுக்கு மின்கலம் மாற்றப் படகு அனுப்பும் செலவே மாற்றுவழி என்பதால், அங்கே அலை மின்சாரம் முழு இலாபமாக இருந்தது. இந்த வெற்றியிலிருந்து கிடைத்திருக்க வேண்டிய பாடம் அடுத்த பத்தாண்டில் பிரிட்டனில் எவராலும் பெரிதாக எடுத்துக்கொள்ளப்படவில்லை.

1973இன் எண்ணெய் நெருக்கடி அலையை அரசுகளின் மேசைக்குக் கொண்டுவந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சால்டர் கழிவறை நீர்த்தொட்டியின் மிதவையைப் போன்ற ஒன்றிலிருந்து தொடங்கினார். மேலும் கீழும் ஆடும் மிதவை வந்த ஆற்றலில் சிறு பங்கையே பிடித்தது. எஞ்சியதில் ஒரு பகுதி பின்புறம் கடந்துசென்றது, ஒரு பகுதி முன்புறம் எதிரொளித்தது. வடிவத்தைப் படிப்படியாக மாற்றிய அவர், முன்புறம் அலகுபோல் கூர்ந்தும் பின்புறம் உருளையாகவும் அமைந்த உறுப்பு ஒன்றை வந்தடைந்தார். உருளையான பின்புறம் தன் அச்சைச் சுற்றி ஆடும்போது பின்னாலுள்ள நீரைத் தள்ளாது; ஆகவே அங்கு புதிய அலை எழாது. முன்புற வளைவோ, ஆழம் செல்லச்செல்லச் சுருங்கும் நீர்த்துகள் வட்டங்களின் அசைவோடு பொருந்துமாறு அமைந்தது. அலை வரும்போதெல்லாம் தலையசைத்த அந்த உறுப்பு வாத்து என்றே பெயர் பெற்றது. ஒடுங்கிய தொட்டியில் அதன் முன்னே அலை எழுந்துகொண்டிருக்க, பின்னே நீர் அசைவற்றுக் கிடந்தது. வந்த ஆற்றலில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பிடிபட்டது. 1974 ஜூனில் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை சால்டரை உலகறியச் செய்தது.

தொட்டியின் அளவுக் கணக்கு மயக்கம் தரக்கூடியது. நூறில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால், நீளம் நூறு மடங்கும் நேரம் பத்து மடங்கும் சுருங்கும். திறனோ ஒரு கோடி மடங்கு சுருங்கும். தொட்டியில் ஒரு வாட் அளந்தவர் கடலில் 10 மெகாவாட்டைக் காண்கிறார். ஆனால் ஒடுங்கிய தொட்டியின் அலை ஒரே திசையில், ஒரே உயரத்தில், ஒரே அலைவு நேரத்தில் வருகிறது. கடலில் பல திசைகளிலிருந்தும் பல அலைவு நேரங்களிலும் வரும் அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சால்டர் இதை நன்கறிந்தவர். 1977இல் எடின்பரோவில் அவர் குழு கட்டிய அகன்ற தொட்டியில், ஏறத்தாழ 90 அலையாக்கித் தட்டுகள் கணினியின் கட்டளைப்படி தனித்தனியே இயங்கி, விரும்பிய கலவையில் குழம்பிய கடலை உண்டாக்கின. மோதித் திரும்பும் அலையைத் தட்டுகளே உணர்ந்து விழுங்கியதால், ஒரே புயலை மாறாமல் மீண்டும் மீண்டும் எழுப்ப முடிந்தது. வாத்தைவிட இந்தத் தொட்டியே சால்டரின் பெரிய சாதனை என்று கருத இடமுண்டு.

பிரிட்டிஷ் அரசு 1976இல் அறிவித்த அலையாற்றல் திட்டம் ஆய்வாளர்களின் முன் வைத்த இலக்கு 2,000 மெகாவாட் நிலையம்: ஒரு பெரிய அனல்மின் நிலையத்துக்கு ஈடானது. வாத்தும், மிதவூர்தியைக் கண்டுபிடித்த கிறிஸ்டோபர் காக்கரெலின் கீல்பூட்டிய தெப்பங்களும் பத்தில் ஒரு பங்கு அளவில் திறந்த நீரில் மிதந்தன. வாத்துச் சரம் நெஸ் ஏரியில் சோதிக்கப்பட்டது. முழு அளவு இயந்திரம் ஒன்றுகூடக் கடலில் இறங்கவில்லை. ஆயினும் 2,000 மெகாவாட்டின் செலவைக் கணக்கிட்டு, யூனிட்டுக்கு இத்தனை பென்ஸ் என்று தீர்ப்பெழுதும் வேலை தொடங்கிவிட்டது. அடித்தளத் தரவே இடையில் ஆட்டம் கண்டது: வட அட்லாண்டிக் வானிலைக் கப்பலின் பதிவுகளிலிருந்து மீட்டருக்கு 70 கிலோவாட்டுக்கும் மேல் என்று கணிக்கப்பட்ட ஆற்றல், ஸ்காட்லாந்தின் தெற்கு யூயிஸ்ட் தீவருகே மிதவை வைத்து அளந்தபோது 50 கிலோவாட்டுக்கும் கீழே வந்தது. 1982இல் அரசின் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தபடி பெரும்பகுதி நிதி நிறுத்தப்பட்டது. கணக்கில் கடலடிக் கேபிள்களின் பழுது விகிதம் மிகையாகக் கொள்ளப்பட்டது என்று சால்டர் பல்லாண்டுகள் வாதாடினார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. எனினும் கேபிள் கணக்கு சரியாகவே இருந்திருந்தாலும், ஒரு விளக்கைக்கூட எரித்திராத இயந்திரத்துக்கு அனல்மின் நிலையத்தின் அளவுகோலை வைத்ததே அடிப்படைக் கோளாறு.

நார்வேயின் டிரோண்ட்ஹைமில் ஷெல் பூடாலும் யோஹான்னஸ் பால்னஸும் எதிர்த்திசையில் சிந்தித்தனர். அலையை உறிஞ்ச வேண்டுமானால் இயந்திரம் அலையை எழுப்பவும் வல்லதாக இருக்க வேண்டும். தான் எழுப்பும் அலை வந்த அலையோடு எதிர்நிலையில் சேர்ந்து அதை அழிக்கும்போதுதான் ஆற்றல் இயந்திரத்துக்குள் வருகிறது. இதன்படி, அலையோடு ஒத்ததிர்வில் ஏறி இறங்கும் சிறு மிதவை தன் அகலத்தைவிடப் பரந்த முகப்பிலிருந்து ஆற்றலை ஈர்க்கும். அதன் உச்ச வரம்பு அலைநீளத்தை 6.28ஆல் வகுத்த அளவு, அதாவது 10 நொடி அலைக்கு ஏறத்தாழ 25 மீட்டர். கொள்கை அழகானது. ஆனால் அந்நாட்டில் பெர்கன் அருகே 1985இல் பாறைச் சரிவில் நிறுவப்பட்ட 500 கிலோவாட் காற்றறை நிலையத்தை 1988 டிசம்பர்ப் புயல் பெயர்த்தெறிந்தது.

இந்தியாவின் முயற்சி தொடங்கியது சென்னையில். 1983இல் சென்னை ஐஐடியில் அமைந்த அலையாற்றல் குழு மிதவை வகைகளையும் காற்றறை வகையையும் ஒப்பிட்டு, நகரும் உறுப்புகள் நீருக்குள் இராத காற்றறையையே தேர்ந்தது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே, சுமார் 10 மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 3,000 டன் எடையுள்ள கான்கிரீட் பேழை 1990 டிசம்பரில் அமர்த்தப்பட்டது. இரும்புப் பாலம் ஒன்று அதைச் சுவரோடு இணைத்தது. 1991இல் 150 கிலோவாட் மின்னாக்கி இயங்கத் தொடங்கியது.

பேழையின் கடல்நோக்கிய முகத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே அகன்ற வாய் இருந்தது. அலை வந்ததும் உள்ளறையின் நீர்மட்டம் உயர்ந்து மேலிருந்த காற்றைக் குறுகிய குழாய் வழியே வெளியே தள்ளும். அலை விலகியதும் நீர் இறங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். கொல்லன் துருத்தியின் வேலைதான் இது, ஊதுபவன் கடல் என்பதைத் தவிர. அகன்ற அறையின் மெதுவான ஏற்ற இறக்கம் குறுகிய குழாயில் விரைந்த காற்றோட்டமாக மாறுவதால், நிமிடத்துக்கு ஆறு முறை வரும் அசைவை டர்பைனின் வேகத்துக்கு உயர்த்தப் பல்சக்கரங்கள் தேவைப்படவில்லை. வாயின் இருபுறமும் கடலை நோக்கி நீண்ட சுவர்கள் சிறு துறைமுகம் போன்ற இடத்தை உண்டாக்கின; அறைக்கு ஓர் இயல்பு அலைவு நேரம், சுவர்களுக்கு இடைப்பட்ட நீருக்கு மற்றொன்று என்பதால், ஒத்ததிர்வு ஒன்றுக்கு மேற்பட்ட அலைவு நேரங்களில் கிட்டியது. குழாயில் சுழன்றது பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் வெல்ஸ் 1970களில் உருவாக்கிய டர்பைன். அதன் தகடுகள் இருபுறமும் ஒரே வளைவு கொண்டவை. காற்று கீழிருந்து வந்தாலும் மேலிருந்து வந்தாலும் சக்கரம் ஒரே திசையில்தான் சுழலும். காற்றைத் திருப்பிவிடும் கதவுகள் தேவையில்லை என்பதால், உப்புக்காற்றில் பழுதாகும் உறுப்புகள் குறைந்தன.

இந்த எளிமைக்கு விலையும் இருந்தது. வெல்ஸ் டர்பைன் தானே ஓடத் தொடங்குவதில்லை. காற்றோட்டம் ஒரு வரம்பைத் தாண்டினால் தகடுகளின் உந்தும் ஆற்றல் சட்டென்று சரிந்துவிடும். விழிஞத்தில் மின்கட்டமைப்போடு இணைந்திருந்தது தூண்டல் மின்னாக்கி. அலை ஓய்ந்த நேரங்களில் அது மோட்டாராக மாறி, கட்டமைப்பிலிருந்து மின்சாரத்தை எடுத்து டர்பைனைச் சுழற்றியது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வலுத்த கடல், அது ஓய்ந்ததும் தணிந்துவிடும். ஆகவே 150 என்ற எண் ஆண்டின் பெரும்பகுதியில் பெயரளவாகவே நின்றது. 1993இல் சென்னையில் தொடங்கிய தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் பின்னர் நிலையத்தைப் பொறுப்பேற்று, உந்துவிசை வகை டர்பைனைச் சோதித்தது. 2004இல் ஏற்ற இறக்கமான அந்த மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு அனுப்பாமல், எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் அமைப்புக்குத் திருப்பியது. மின்சாரத்தைச் சேமிப்பது கடினம், தண்ணீரைச் சேமிப்பது எளிது என்பதால் அலையின் ஒழுங்கின்மை இங்கே பெரிய குறையாகவில்லை. விழிஞத்தில் நடந்தவற்றுள் மிகப் பொருத்தமானது இந்தச் சிறிய மாற்றமே. நிலையம் பின்னாளில் நிறுத்தப்பட்டது.

ஸ்காட்லாந்தின் பெலமிஸ் நிறுவனத்தின் பாம்பு போன்ற இயந்திரம் 2004இல் ஆர்க்னித் தீவுகளருகே மிதந்தபடியே கட்டமைப்புக்கு மின்சாரம் அனுப்பியது. 2008இல் போர்ச்சுகலின் அகுசதோராவில் 750 கிலோவாட் இயந்திரங்கள் மூன்று நிறுவப்பட்டு, தாங்கிகளின் பழுதாலும் முதலீட்டாளர் நொடித்ததாலும் சில மாதங்களில் கரைக்கு இழுத்துவரப்பட்டன. 2014இல் அந்நிறுவனம் திவாலானது. இதனிடையே நிலைத்தது வேறு வகை. காற்றறைக்கான செலவில் பெரும்பங்கு கான்கிரீட்டுக்கே செல்வதால், துறைமுகத்துக்கு எப்படியும் கட்ட வேண்டிய அலைத்தடுப்புச் சுவருக்குள்ளேயே அறைகளை அமைத்துவிட்டால், மின்சாரத்தின் கணக்கில் டர்பைனும் மின்னாக்கியும் மட்டுமே எஞ்சும். ஜப்பானின் சகாத்தா துறைமுகத்தில் 1989இல் ஒரு சுவர்ப்பேழை இவ்வாறு அமைந்தது. விழிஞம் குழுவினரும் தங்கள் கட்டுரைகளில் இதையே வலியுறுத்தி, பேழைகளை மீன்பிடித் துறைமுகங்களின் சுவர்களாகவே அமைக்க முன்மொழிந்தனர். இந்தியாவில் அது கட்டப்படவில்லை. ஸ்பெயினின் பாஸ்க் நாட்டிலுள்ள முத்ரிக்கு துறைமுகத்தில், 18.5 கிலோவாட் வெல்ஸ் டர்பைன்கள் பதினாறு பொருத்திய சுவர் 2011இல் இயங்கத் தொடங்கியது. அதன் மொத்தத் திறன் 296 கிலோவாட், பிரிட்டன் 1976இல் கேட்டதில் ஏறத்தாழ ஏழாயிரத்தில் ஒரு பங்கு.